பஞ்சு வைக்காத சேதி

அப்பு,

முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே யாரும் சாகவில்லை. யாரும் ஆஸ்பத்திரியில் இல்லை. எனக்குச் சர்க்கரை இருப்பது உனக்குத் தெரிந்ததுதான். மாத்திரை போடுகிறேன், காலையில் ரயில்வே கேட் வரை நடக்கிறேன். உன் மாமா கன்னிவாடியில் இந்த வருஷமும் தக்காளி போட்டிருக்கிறான். வழக்கம்போல விலையைத் திட்டிக்கொண்டு நன்றாக இருக்கிறான். 'நலம், நலமறிய ஆவல்' என்று ஆரம்பித்திருந்தால், அப்பா எதையோ மறைக்கிறார் என்று நீ கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டியிருப்பாய். உன்னை அப்படி ஆக்கியது நான்தான். போன பொங்கலுக்கு வாழ்த்துச் சொல்லலாம் என்று விடிந்தும் விடியாமலும் கூப்பிட்டேன். எடுத்ததும், "யாருக்கு என்னப்பா?" என்று கேட்டாய். "யாருக்கும் ஒண்ணுமில்லப்பா, பொங்கல்ல, அதுக்குத்தேன்" என்றேன். நீ நம்பவில்லை. போனை வைத்த கையோடு மாமாவுக்கு அடித்து, "அப்பா நெசமாவே நல்லாருக்காரா மாமா?" என்று கேட்டிருக்கிறாய். அவன் அதைச் சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெற்ற பிள்ளை அப்பன் சொல்லை அடுத்த வீட்டில் விசாரிக்கிற நிலைமை வந்த பிறகு எனக்கு என்ன பொங்கல் வேண்டிக்கிடக்கிறது?

போன ஞாயிற்றுக்கிழமை நீ பேசியதற்காகத்தான் இதை எழுதுகிறேன். நீயும் மருமகளும் வெளிநாடு கிளம்ப இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது. பெட்டி, விசா, குளிருக்குச் சட்டை என்று எல்லாம் பேசி முடித்தாய். அப்புறம், "அப்பா, நான் அங்க போனப்புறம் எது நடந்தாலும் சீரியஸ்னு மட்டும் சொல்லிராதீங்க. நடந்ததை நடந்தபடி சொல்லுங்க. நான் தாங்கிக்கிருவேன்" என்றாய். சரி என்றேன். அதோடு நீ விட்டிருக்கலாம். "அம்மா விசயத்துல எனக்கு ஒரே ஆறுதல்தேன்பா. எனக்கு ஒண்ணும் தெரியாதுங்கிறது அம்மாவுக்குத் தெரியும். தெரிஞ்சும் வரலைன்னு அவ நெனச்சிருக்க மாட்டா. இல்லப்பா?" என்று கேட்டாய். நான் "ஆமாப்பா" என்றேன்.

அந்த 'ஆமா' பொய். இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் உன் குரல் கேட்கும். குரல் கேட்டால் நான் வழுக்கிவிடுவேன். எனக்கு அந்த வழுக்கல் கைவந்த கலை. காகிதம் என்றால் எழுதியது எழுதியதுதான், பாதி வார்த்தையில் திரும்பி வர முடியாது. ஆனால் ஒரேயடியாகப் போட்டு உடைக்கவும் எனக்குத் தைரியம் வரவில்லை. கொஞ்சம் சுற்றித்தான் வருவேன். பொறுத்துக்கொள்.

நீ ஒன்பதாவது படித்தபோது இங்கிலீஷ் வாத்தியார் ஒரு வேலை கொடுத்தார், ஞாபகம் இருக்கிறதா? தினமும் கண்ணில் படுகிற ஏதாவது ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு, அதே பொருள் தருகிற மற்ற சொற்களையும், ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியத்தையும் எழுதிவர வேண்டும். மற்ற பையன்கள் அழகு, பெரிசு என்று எடுத்தார்கள். நீ நேராகப் பழனி ரோட்டில் நம் கடைக்கு வந்து போர்டைப் பார்த்து, 'குஷன்' என்று முடிவு பண்ணிவிட்டாய். எனக்குத் தலைகால் புரியவில்லை. பஸ் சீட்டும் லாரி சீட்டும் தைக்கிறவன் கடைப் பெயர் நோட்டில் ஏறுகிறதே! தேங்காய் நார்க் குவியல் மேல் ஏறி உட்கார்ந்து, பள்ளிக்கூடத்து டிக்சனரியை மடியில் வைத்துக்கொண்டு வாசித்தாய். பில்லோ, பேட், போல்ஸ்டர். நான் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினேன். தலையணை, மெத்தை, திண்டு. இதெல்லாம் என் கையில் தினமும் புரளுகிற சாமான். அப்புறம் நீ, "அப்பா, இது வெறும் சாமான் பேரு இல்லையாம். செய்யிற வேலையுமாம்" என்றாய். சாஃப்டன், அப்சார்ப், பிரேக் எ ஃபால் என்று அடுக்கினாய். அர்த்தம் கேட்டேன். "அடியை மட்டுப்படுத்துறது. கீழ விழுந்தான், வைக்கோல்போர் இருந்ததால அடி படலை, அந்த மாதிரி" என்றாய். அடுத்த வாக்கியம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது: கெட்ட சேதிக்குக் குஷன் வைத்து அவள் சொன்னாள். நான் கையிலிருந்த கத்தரியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தேன். "சேதிக்கு மேல ரெக்சினும் தைக்கணுமாடா? என்ன கலர்ல?" என்று கேட்டேன்.

உன் அம்மா மெஷினில் உட்கார்ந்து சீட்டுக்கு உறை தைத்துக்கொண்டிருந்தாள். மிதிப்பதை நிறுத்தாமலே, "பக்குவமாச் சொன்னாள்னு தமிழ்ல எழுதிக்க" என்றாள். பூசி மெழுகுகிறது என்றும் எழுதலாமே என்று நான் மூக்கை நுழைத்தேன். அவள் மெஷினை நிறுத்திவிட்டாள். "அது வேற, இது வேற. பக்குவமாச் சொல்றதுன்னா சேதி போய்ச் சேரணும். பூசி மெழுகுனா சேதியே போகாது. ரெண்டையும் ஒண்ணாப் போட்டுராத அப்பு" என்றாள். நீ உடனே குஷனுக்குத் தமிழில் இன்னும் சொல் வேண்டும் என்று அவளைப் பிடித்துக்கொண்டாய். சும்மாடு எழுதிக்கொள்ளச் சொன்னாள். கன்னிவாடியில் கல்யாணத்துக்கு முன்னால் தக்காளிக் கூடை சுமந்தவள் அல்லவா. துண்டைச் சுருட்டித் தலையில் வைத்து, அதன் மேல் டிக்சனரியை வைத்து, கையை விட்டு நடந்து காட்டினாள். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். "சும்மாடு வச்சா தலை நோகாது. ஆனா சுமை சுமைதேன். கனத்தைக் குறைக்கிறேன்னு கூடையிலருந்து ஒரு பழத்தை எடுத்தாலும் அது திருட்டுத்தேன்" என்றாள். வாத்தியார் அந்தச் சும்மாட்டுக்குப் பக்கத்தில் 'நன்று' என்று போட்டுக் கொடுத்தார். அவளுக்கு அன்றைக்குக் கால் தரையில் பாவவில்லை.

என் தொழிலிலும் அதே பாடம்தான், நான்தான் கற்றுக்கொள்ளவில்லை. அந்தச் சமயத்தில்தான் நார் போய் ஃபோம் வந்தது. நாரை உதறி, அடுக்கி, அடித்துத் தைக்கிற வேலையெல்லாம் ஒரே வெட்டில் முடிந்தது. வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் மலைக்கு வண்டி ஓட்டுகிற டிரைவர் ஒருவர் வந்து, முதுகு வலிக்கிறது, மெத்துமெத்தென்று சீட் போட்டுக் கொடு என்றார். நானும் கெட்டிக்காரத்தனமாக ஃபோம் மேல் ஃபோம் போட்டு, மாப்பிள்ளைக்குக் கட்டில் மெத்தை போடுகிற மாதிரி போட்டுக் கொடுத்தேன். கொஞ்ச நாளில் மனுசன் சீட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு வந்து நிற்கிறார். "அண்ணே, இதைப் பழையபடி ஆக்கிக் குடுங்க. மலையில ஓட்டுறவனுக்குக் கண்ணு முகத்துல மட்டும் இல்ல, குண்டியிலயும் இருக்கு. டயர் வழுக்குறது மொதல்ல அங்கதேன் தெரியும். நீங்க போட்ட பஞ்சுல எனக்கு ரோடே தெரியல. வளைவுல திரும்பித் தப்பிச்சது சாமி புண்ணியம்" என்றார். கடையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தோம். அன்றைக்கு ராத்திரி சோற்றுக்கு வெஞ்சனம் வைத்துக்கொண்டே உன் அம்மா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். சிரித்ததோடு சரி. நோகாமல் இருக்க வேண்டும் என்பதற்காக ஒருத்தனுக்கு ரோட்டையே மறைத்துவிடக் கூடாது என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

இனி அம்மாவிடம் வருகிறேன்.

நீ சென்னையில் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாய். அவளுக்கு வயிற்றுவலி என்று முதலில் இங்கேயே காட்டினோம். அப்புறம் மதுரைக்குக் கூட்டிப்போனேன். கட்டி என்றார்கள். வெட்டியெடுக்கிற கட்டத்தைத் தாண்டிவிட்டது, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பிடித்ததைக் கொடுங்கள் என்றார்கள். அந்த டாக்டர் பூசாமல் மெழுகாமல் அவளை வைத்துக்கொண்டே சொன்னார். திரும்பி வருகிற பஸ்ஸில் அவள் சின்னாளப்பட்டி தாண்டும் வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். அதுக்கப்புறம் என் பக்கம் திரும்பி, "அவனுக்குச் சொல்லிருங்க. மறைக்காதீக. வரணும்னா வரட்டும், பரிச்சை எழுதணும்னா எழுதட்டும். அவன் முடிவு பண்ணட்டும்" என்றாள். தன் சாவைப் பற்றி அவள் கேட்டது இந்த ஒன்றுதான். நான் சரி என்று தலையாட்டினேன்.

அன்றைக்குச் சாயங்காலமே எஸ்.டி.டி. பூத்துக்குப் போனேன். கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு உன் ஹாஸ்டல் நம்பரைப் போட்டேன். யாரோ உன்னைக் கூப்பிடப் போனார்கள். நீ ஓடிவந்த செருப்புச் சத்தம் கேட்டது. "அப்பா! இப்பத்தேன் வைவா முடிஞ்சுச்சு, சூப்பரா பண்ணிட்டேன்பா! பரிச்சையும் இப்படியே எழுதிட்டா கம்பெனி வேலை நிச்சயம்!" என்றாய். அந்தச் சந்தோசத்துக்குள் நான் எப்படிக் கல்லைப் போடுவது? "அம்மா எங்கப்பா?" என்று கேட்டாய். "முதுகுப் பிடிப்புப்பா. உட்கார முடியல. அதேன் வரல" என்றேன். வாயில் அதுதான் வந்தது. நாளெல்லாம் டிரைவர்மார் அதைத்தானே என்னிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

இதுவரை உனக்குத் தெரியும். இதற்காக நீ என்னைத் திட்டியும் ஆயிற்று, மன்னித்தும் ஆயிற்று. உனக்குத் தெரியாதது வீட்டுக்கு வந்த பிறகு நடந்தது. செருப்பைக் கழற்றும்போதே, "சொல்லிட்டீகளா?" என்று கேட்டாள். இல்லை, சொல்ல வாய் வரவில்லை என்று சொல்லியிருந்தால் திட்டியிருப்பாள். நாளைக்குத் தானே சொல்வதாகச் சொல்லியிருப்பாள். நான் "சொல்லிட்டேன்" என்றேன். என்ன சொன்னான் என்று கேட்டாள். அப்பு, நான் உனக்காக ஒரு பதிலை ஜோடித்தேன். "அழுதான். பரிச்சையை முடிச்சுட்டு ஓடியாந்துர்றேன்னான்" என்றேன். "சரி, எழுதட்டும்" என்றாள்.

அதிலிருந்து தினமும் சாயங்காலம் நான் பூத்துக்குப் போய்த் திரும்பும்போது அவள் வாசலைப் பார்த்தபடி படுத்திருப்பாள். "அவன் பேசுனானா? என்ன சொன்னான்?" சில நாள் நான் போனே பண்ணியிருக்க மாட்டேன், பூத் வாசலில் நின்றுவிட்டுத் திரும்பியிருப்பேன். ஆனாலும் பதில் தயாராக இருக்கும். நேரத்துக்குச் சாப்பிடச் சொன்னான் என்பேன். மாத்திரையை ஒழுங்காகப் போடச் சொன்னான் என்பேன். நீ சொல்லாத வார்த்தையையெல்லாம் உன் வாயில் வைத்து அவளுக்கு ஊட்டினேன். ஒருநாள் அவளே, "ஆட்டோ வச்சு என்னையும் பூத்துக்குக் கூட்டிட்டுப் போங்களேன். அவன் குரலை ஒருவாட்டி கேட்டுர்றேன்" என்றாள். உடம்பு தாங்காது என்று தடுத்துவிட்டேன். உடம்பு தாங்கியிருக்கும். தூக்கி உட்காரவைத்தால் ஆட்டோவில் அவ்வளவு தூரம் வந்திருப்பாள். அவள் பேசினால் என் குட்டு உடையும், அதனால் தடுத்தேன். இதை எழுதும்போது பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கொல்லைப்புறம் போய் நின்றுவிட்டு வந்தேன். வெட்கமாக இருக்கிறது அப்பு. கட்டினவளுக்கு அவள் பிள்ளையின் குரலை மறுத்தவன் நான்.

அவளுக்கு நான் மெத்தை தைத்துப் போட்டது உனக்கு ஞாபகம் இருக்கும். நீ வந்தபோது கட்டிலில் அது காலியாகக் கிடந்தது. கடையில் இருந்ததிலேயே நல்ல ஃபோம், கீழே கெட்டி, மேலே மெதுவு, புண் வராதபடி இடுப்புப் பக்கம் தனியாக வெட்டி வைத்துத் தைத்தேன். பார்க்க வந்த பொம்பளைகள் எல்லாரும் தடவிப் பார்த்து, "புருசன்னா இப்புடியில்ல இருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எனக்கு உள்ளூரப் பெருமை. அவளிடம் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "மெத்தை நல்லாருக்கு" என்றாள். அப்புறம் ஒருநாள் நான் பூத்திலிருந்து திரும்பி வந்தபோது அவள் எதுவும் கேட்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். மறுநாளும் கேட்கவில்லை. அப்பாடா, இனிமேல் ஜோடிக்க வேண்டியதில்லை என்று எனக்கு மனசு லேசானது. லேசானது என்றே எழுதுகிறேன், அப்படித்தான் இருந்தது.

அவள் கேட்காமல் விட்ட அன்றைக்கு மாமா அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அவனிடம் அவள் ஒன்று சொல்லியிருக்கிறாள். காரியமெல்லாம் முடிந்து ரொம்ப நாள் கழித்து அவன் என்னிடம் சொன்னான். "எல்லாந் தெரிஞ்சும் பரிச்சைதேன் பெருசாப் போச்சு போல அவனுக்கு. போகட்டும் தம்பி, நல்லாருக்கட்டும்" என்றாளாம். மாமா ஏன் உன்னிடம் சொல்லவில்லை என்று அவனைக் கோபித்துக்கொள்ளாதே. நான் உன்னிடம் சொன்னதும் அவளிடம் சொன்னதும் வேறு வேறு என்பதே அவனுக்கு அப்போது தெரியாது. உனக்கு எல்லாம் தெரியும், தெரிந்துதான் வரவில்லை என்று அவனும் உன் மேல் கொஞ்சநாள் மனத்தாங்கலோடு இருந்தான். அம்மா போன துட்டி வீட்டில் அவன் உன்னோடு சரியாகப் பேசவில்லை என்று நீ வருத்தப்பட்டாயே, அதுவும் என் கைவேலைதான்.

அவள் போனது பிற்பகலில். உனக்கு யார் சொல்வது என்று வந்தபோது என் வாய் எழும்பவில்லை. மாமாவைப் பூத்துக்கு அனுப்பினேன். என்னவென்று சொல்ல என்று கேட்டான். சுற்றியிருந்த பெரிய மனிதர்கள் எல்லாரும், "பய தனியா வாரான், வழியில ஏதாச்சும் ஆயிட்டா? சீரியஸ்னு மட்டும் சொல்லு, போதும்" என்றார்கள். நம் பக்கத்து வழக்கம் உனக்கு இப்போது தெரியும். சீரியஸ் என்று போன் வந்தால் நாங்கள் பேசாமல் வெள்ளை வேட்டியை எடுத்துப் பையில் வைப்போம். 'கொஞ்சம் சீரியஸ்' என்றாலும் அதே வேட்டிதான். அது எங்களுக்குள் புழங்குகிற பேச்சு. உனக்கு அது தெரியாது. சீரியஸ் என்றால் இன்னும் உயிர் இருக்கிறது, பிழைக்கவைத்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டு ராவோடு ராவாகப் பஸ்ஸில் வந்தாய்.

காலையில் தெருமுனையில் நீ ஆட்டோவை விட்டு இறங்கியதை நான் பந்தலுக்குள் இருந்தே பார்த்தேன். கக்கத்தில் ஒரு அட்டைப்பெட்டி. ஷாமியானாவைப் பார்த்தாய். போட்டிருந்த நாற்காலிகளைப் பார்த்தாய். தப்படிக்கிற சத்தம் கேட்டு நின்றாய். வழிவிட்ட ஒருத்தர்கூட உன் முகத்தைப் பார்க்கவில்லை. பெட்டியை அப்படியே கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்து என் முன்னால் நின்று, "எப்பப்பா?" என்று கேட்டாய். அப்போதாவது உண்மையைச் சொன்னேனா? "இப்பத்தேன்பா, விடியக்காலம்... உன்னையத்தேன் கேட்டுக்கிட்டு இருந்தா" என்றேன். நீ அவள் மேல் கிடந்த மாலைகளைப் பார்த்தாய். முந்தின நாள் சாயங்காலம் போட்ட மாலைகள். ரோஜா கறுத்து, சம்பங்கி பழுத்துத் துவண்டு கிடந்தது. பூ விளைகிற ஊர்ப் பையனுக்கு நேற்றைய பூவும் இன்றைய பூவும் தெரியாதா? நீ என்னை ஒருமுறை பார்த்துவிட்டுக் கீழே உட்கார்ந்தாய். மாமா அந்தப் பெட்டியை வாங்கி உள்ளே வைத்தான். அதற்குள் இருந்தது, உட்கார முடியாதவர்களுக்கென்று விற்கிற, காற்றடிக்கிற ரப்பர் வளையம். முதுகுப் பிடிப்பு என்று நான் சொன்னதை நம்பி, அம்மாவுக்கு உட்கார வசதியாக இருக்கட்டும் என்று சென்னையில் முன்னமே தேடி வாங்கி வைத்திருக்கிறாய். ஊருக்கெல்லாம் குஷன் தைக்கிறவன் பிள்ளை, அப்பன் சொன்ன பொய்க்கு ஒரு குஷன் வாங்கிக்கொண்டு வந்து நின்றான்.

இதையெல்லாம் உன் நல்லதுக்குச் செய்தேன் என்று ரொம்ப காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிள்ளை பரீட்சை கெட்டுவிடக் கூடாது, பிள்ளை வழியில் பதறக் கூடாது. கேட்கிறவர்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள். ஆனால் குஷன் என்பது உட்காருகிறவனுக்கு அடியில் வைப்பது. இதில் சொகுசாக உட்கார்ந்தது யார் என்று பார். நீ இல்லை, அவள் இல்லை. நான்தான். போனில் நீ அழுவதை நான் கேட்க வேண்டியிருக்கவில்லை. அவள் திட்டுவதை நான் வாங்க வேண்டியிருக்கவில்லை. உங்கள் இரண்டு பேருக்கும் விழ வேண்டிய அடி விழத்தான் செய்தது, முழுசாக விழுந்தது. தப்பித்தது நான் ஒருத்தன்தான்.

இப்போது இதைச் சொல்வதும் என் பாரத்தை இறக்கத்தானோ என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது. இருக்கலாம். கடல் தாண்டிப் போகிற பிள்ளையிடமிருந்து அவன் வைத்திருந்த ஒரே ஆறுதலைப் பிடுங்குகிறேன். பிடுங்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? ஆனால் அந்த ஆறுதலையும் தைத்துக் கொடுத்தவன் நான்தான் என்பதால், அது எப்படிப்பட்ட தையல் என்று எனக்குத் தெரியும். என்றைக்காவது மாமா வாயிலிருந்து ஒரு வார்த்தை விழும், அங்கே யாருமில்லாத ஊரில் நீ தனியாக அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். அதற்குப் பதில் என்னிடமிருந்தே வரட்டும். திட்டுவதற்கு ஆள் உயிரோடு இருக்கும்போதே வரட்டும்.

அப்பன் புத்தி சொல்கிற இடம் இது. எனக்கு அந்தத் தகுதி இல்லை, இருந்தாலும் பட்டவன் சொல்கிறேன், கேட்டுக்கொள். மருமகளிடம் எதையும் பக்குவமாகச் சொல், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எதிரில் இருப்பவர் சாப்பிட்டாரா, தூங்கினாரா என்று பார்த்து, பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு சொல். ஆனால் சொல்லிவிடு. நாளைக்கு உங்களுக்கு ஒரு பிள்ளை பிறந்தால் அதனிடமும் அப்படியே இரு. ஒருத்தர் தாங்குவாரா மாட்டாரா என்று அவருக்குப் பதிலாக நாம் முடிவு பண்ணக் கூடாது. தாங்க முடியாமல் போனால் அழட்டும், அழுகிறவர் பக்கத்தில் இருப்பதுதான் நம் வேலை. என் விசயத்தில் உனக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவேன். மாமாவிடமும், கடையை இப்போது பார்த்துக்கொள்கிற பையனிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். எனக்கு ஏதாவது என்றால் ஏதாவது என்றே சொல்வார்கள். போய்விட்டேன் என்றால் போய்விட்டேன் என்றே சொல்வார்கள். அந்தச் சீரியஸ் என்கிற வார்த்தை நம் வீட்டுப் பக்கம் இனி வராது.

இந்த இடத்தில் முடித்துவிடலாம் என்று கை போகிறது. அவள் என்னோடு அத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவள், என் பொய் அவளுக்குத் தெரியாமலா இருக்கும், உள்ளுக்குள் எல்லாம் தெரிந்துதான் பேசாமல் இருந்திருப்பாள் என்று ஒரு வரி எழுதினால் உனக்கும் நன்றாக இருக்கும், எனக்கும் நன்றாக இருக்கும். எழுதினேன், அடித்துவிட்டேன். அடித்த கோடு உனக்கும் தெரியும், இந்தப் பக்கத்திலேயே மேலே பார். அவளுக்குத் தெரியுமா என்று எனக்குத் தெரியாது. அவள் கேட்பதை நிறுத்தினாள். நான் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

கிளம்புவதற்கு முன்னால் இங்கே வந்துவிட்டுப் போவதோ, வராமலே போவதோ, இனிமேல் என்னோடு பேசுவதோ பேசாமல் இருப்பதோ, நீயே முடிவு பண்ணு. போன தடவை அந்த முடிவை உன் கையிலிருந்து பறித்தது நான். உன் ரப்பர் வளையம் கடையில் ஆணியில் தொங்குகிறது. விற்பதற்கா என்று சில பேர் கேட்கிறார்கள். இல்லை என்கிறேன். வந்தால் எடுத்துக்கொண்டு போ, வேண்டாம் என்றால் அங்கேயே இருக்கட்டும்.

அன்றைக்கு அந்தப் பூத்தில் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு நான் சொல்லியிருக்க வேண்டியதை இப்போது சொல்கிறேன். காலம் போய்விட்டது, இருந்தாலும் உனக்கு வந்து சேர வேண்டிய சேதி இது. அப்பு, அம்மா பிழைக்க மாட்டாள். உன்னைக் கேட்கிறாள். தினமும் கேட்கிறாள்.

அப்பா